நாலு வாரம் தாண்டிய ஈர இருமல்

(சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில், தொழிலாளர் குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், லீவு, போனஸ் என்று பேசத்தான் நம்மை வழக்கமாக மேடைக்கு அழைப்பார்கள். இன்று பேசப்போவது சளி இருமலைப் பற்றி என்று சொன்னதும் தலைவர் அவர்களே சற்றுச் சிரித்தார். அவர் மேல் நமக்கு வருத்தமில்லை. ஓராண்டுக்கு முன் யாராவது நம்மிடம் இதைச் சொல்லியிருந்தால் நாமும் சிரித்திருப்போம். ஆனால் இந்த மண்டபத்தில் நாம் வந்து உட்கார்ந்த அரைமணி நேரத்துக்குள் பின்வரிசையில் ஒரு குழந்தை ஏழெட்டுத் தடவை இருமிவிட்டது. பெற்றவளைத் தவிர ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் டாக்டர் அல்லோம். ஜொகூரில் பால்மரம் இன்னும் எஞ்சியிருக்கும் ஒரு தோட்டத்தின் கிராணி. தமிழ்ப் பள்ளியில் படித்த படிப்புத்தான். டாக்டர்களிடம் கேட்டும், எழுதி வைத்திருப்பதைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வைக்கிறோம். தவறு இருந்தால் டாக்டரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். அதற்காகவாவது ஒருமுறை டாக்டரிடம் போனீர்களானால் நமக்குச் சந்தோஷமே.

எங்கள் தங்கை பூன் கெங் பக்கம் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறாள். மச்சான் இவ்வூர்க்காரர், லாரி ஓட்டுகிறார். தங்கைக்கு உணவங்காடியில் வேலை. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பையன். தீபாவளி முடிந்த வாரம் பையனுக்குச் சளி பிடித்தது. மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. மூக்கு ஒழுகுவதும் நின்றது. இருமல் மட்டும் நிற்கவில்லை. காலையில் எழுந்ததும் கொளகொளவென்று இருமுவான், பிறகு ஓடி விளையாடுவான், இரவில் படுத்ததும் மறுபடி இருமுவான். முதலில் பார்த்த கிளினிக்கில் இருமல் சிரப் கொடுத்தார்கள். இரண்டாவது கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி, இழுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். அதையும் வாரக்கணக்கில் இழுத்தான். குணமில்லை.

பொங்கலுக்கு நாம் வந்திருந்தோம். தங்கை பையனை மடியில் வைத்துக்கொண்டு கவலையோடு சொன்னாள். அதற்கு நாம் சொன்ன பதிலை இங்கே ஒளிக்காமல் சொல்லுகிறோம்: "சளிதானே, நாமெல்லாம் லயத்தில் மூக்கொழுகிக்கொண்டுதானே வளர்ந்தோம், தானாகப் போய்விடும்." சொன்னதோடு நில்லாமல் தேக்காவுக்குப் போய்க் கற்பூரவள்ளி இலையும் தூதுவளைப் பொடியும் வாங்கிக் கொடுத்து, பெரியமனிதனாகிவிட்ட திருப்தியோடு பாலம் தாண்டி ஊர் திரும்பப் பார்த்தோம். நம்மை நிறுத்தியது ஒரு சிறு நோட்டுப் புத்தகம். பையன் போகும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்து ஆசிரியை நாள்தோறும் அதில் ஒரு வரி எழுதி அனுப்புவாள். கிராணியின் கைக்கு நோட்டுப் புத்தகம் கிடைத்தால் எண்ணத்தானே தோன்றும். "இன்றும் இருமல்" என்ற குறிப்பு பத்து வாரத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தது. தங்கைக்கும் மச்சானுக்கும் நமக்கும் அது "அடிக்கடி வரும் சளி." நோட்டுப் புத்தகத்தின்படி அது ஒருநாளும் போகவே இல்லாத ஒரே இருமல்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் செக்ரோலை எடுத்துப் புரட்டினோம். ஒரு தாயின் பெயருக்கு எதிரே மூன்று மாதத்தில் ஒன்பது இடத்தில் "பிள்ளைக்குச் சளி" என்று நம் கையாலேயே எழுதியிருந்தது. ஒன்பது நாள் கூலி போயிருக்கிறது. எழுதிய நமக்கு அது ஒன்பது சளியா, ஒரே சளியா என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

நிற்க. எந்த இருமல் தானாகப் போகும், எது போகாது? குழந்தைகளுக்கு வரும் சாதாரணச் சளி இருமலைப் பற்றிப் பல நாட்டு ஆராய்ச்சிகளைத் திரட்டி 2013-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாதிப் பிள்ளைகளுக்குப் பத்து நாளில் இருமல் நின்றுவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு 25 நாளில் நின்றுவிடுகிறது. ஆகவே ஒரு வாரத்தில் நிற்கவில்லையே என்று டாக்டரை நெருக்கி ஆன்டிபயாட்டிக் வாங்கக் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக்குக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் 25 நாளைத் தாண்டி, நாலு வாரத்தையும் தாண்டி, நாள் தவறாமல், அதிலும் ஈரமாக இருமுகிற பிள்ளையின் கதை வேறு.

அந்த வேறு கதையை விளங்கச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் குழந்தை டாக்டர்களான ஜூலி மார்ச்சண்ட், ஆன் சாங் முதலியோர். விடாத இருமலோடு வந்த 108 குழந்தைகளை அவர்கள் வரிசையாகப் பரிசோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மெல்லிய குழாய்க் கருவியை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, உப்புநீரால் கழுவி, அந்த நீரை எடுத்துப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு நாட்பட்ட இருமல் வந்தால் ஆஸ்துமா, வயிற்று அமிலம் மேலேறுவது, மூக்குச் சளி என்று மூன்று காரணங்களைத்தான் டாக்டர்கள் முதலில் தேடுவார்கள். குழந்தைகளுக்கும் அப்படியே என்று எண்ணியிருந்தார்கள். இந்தக் குழந்தைகளில் அம்மூன்றும் சேர்ந்தே நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. நூற்றுக்கு நாற்பது பேருக்கு மூச்சுக்குழலில் பாக்டீரியாக் கிருமி குடியேறிப் புண்ணாக்கிக் கொண்டிருந்தது. நீடித்த பாக்டீரியா மூச்சுக்குழல் அழற்சி என்று நாம் தமிழில் சொல்லலாம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து டாக்டர்களும் அடுத்த ஆண்டு இதையே எழுதினார்கள். அவர்களிடம் வந்த பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே ஆஸ்துமா என்று பெயர் வாங்கியவர்கள்.

சிங்கப்பூரில் ஆஸ்துமா குறைவன்று. ஏறத்தாழ ஐந்து பிள்ளைகளில் ஒன்றுக்கு அது உண்டு என்பார்கள். எனவே இருமும் பிள்ளையைக் கண்டதும் டாக்டருக்கு ஆஸ்துமா நினைவு வருவதில் ஆச்சரியமில்லை. நாம் யாரையும் குறை சொல்ல இங்கே வரவில்லை. ஆஸ்துமா இருமல் பெரும்பாலும் வறட்டு இருமல். மூச்சு விடும்போது விசில் போல் சத்தம் கேட்கும். இது நெஞ்சுக்குள் சளி புரளும் ஈர இருமல். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கருவி வேண்டும் தெரியுமா? தாயின் காது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் சளியைத் துப்பமாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். ஆகவே கண்ணால் பார்க்க வழியில்லை. பெற்றோர் "ஈர இருமல்" என்று சொன்ன பிள்ளைகளின் மூச்சுக்குழலைக் கருவி விட்டுப் பார்த்து, உள்ளே உண்மையிலேயே சளி இருக்கிறதா என்று 2005-ல் பிரிஸ்பேனில் சோதித்தார்கள். பெற்றோர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. ஆகவே டாக்டரிடம் போகும்போது "இருமுகிறான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈரமா வறட்டா, எத்தனை வாரம், நடுவில் ஒரு நாளாவது முழுக்க நின்றதா, இம்மூன்றையும் சொல்லுங்கள். கைப்பேசி இல்லாதவர் இப்போது யார்? காலை இருமலை அதில் பதிவு செய்து எடுத்துப் போங்கள். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிஷத்தில் பிள்ளை வேண்டுமென்றே இருமாமல் இருக்கும். இது எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்த விஷயம்.

இனி, உள்ளே நடப்பது யாது? இதைப் பால்மரக்காரர்களுக்கு விளக்குவது எளிது. இந்தச் சிங்கப்பூருக்கும் பால்மரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1877-ல் 22 கன்றுகள் இங்குள்ள தாவரத் தோட்டத்துக்கு வந்துதான் மலாயா முழுவதும் பரவியது. செம்பவாங், நீ சூன் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பால்மரக் காடுதான். இங்கே அமர்ந்திருக்கும் சில மூத்தவர்கள் அங்கே வாளி தூக்கியிருப்பீர்கள்.

வெட்டிய பட்டையில் பால் எப்படி வழிந்து கோப்பைக்கு வருகிறதோ, அப்படி மூச்சுக்குழலின் உட்சுவரில் மெல்லிய சளிப்படலம் எப்போதும் நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் பால் கீழ்நோக்கி வழியும். இது தொண்டையை நோக்கி மேலே ஏறும். ஏற்றுவது சுவரில் முளைத்திருக்கும் மிக நுண்ணிய மயிர்கள். அவை ஒரு விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடுப்புப் போல் அடித்து, தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளுகின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வைரஸ் சளி வந்தால் இந்தத் துடுப்புகள் சேதப்பட்டு ஓய்ந்துபோகின்றன. சளி தேங்குகிறது. தேங்கிய இடத்தில் பாக்டீரியா வந்து இறங்குகிறது.

கோப்பை அழுக்காக இருந்தால் என்னாகும்? பால் ஸ்டோருக்கு வந்து சேருமுன்னே கிருமி பட்டுப் புளித்துத் திரிந்துவிடும். அதற்குத்தான் அம்மோனியா விடுகிறோம். மூச்சுக்குழலிலும் கிருமி சேர்ந்தால் சளி கெட்டியாகிறது, ஒட்டுப்பால் போல் சுவரில் பிடித்துக்கொள்கிறது. இதுவரை கிருமியின் வேலை. இதற்குமேல் நடப்பது நம் உடம்பே செய்யும் வேலை. கிருமியைக் கண்ட சுவர், இன்டர்லூக்கின்-8 போன்ற இரசாயனங்களை வெளிவிட்டு உதவிக்கு ஆள் கூப்பிடுகிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேருகின்றன. சுகமான பிள்ளையின் மூச்சுக்குழலைக் கழுவிய நீரில் இவை நூற்றில் மிகச் சில; இந்நோய்ப் பிள்ளையிடம் குவிந்து கிடக்கும். கிருமியைக் கொல்ல இவை கொட்டும் நொதிகளில் எலாஸ்டேஸ் என்று ஒன்று இருக்கிறது. அது கிருமி எது, குழலின் சுவர் எது என்று பார்ப்பதில்லை. துடுப்பு மயிர்களைக் கெடுக்கிறது, இன்னும் அதிகச் சளியைச் சுரக்கவைக்கிறது. சளி தேங்கத் தேங்கக் கிருமி. கிருமி பெருகப் பெருக வெள்ளை அணு. வெள்ளை அணு வரவரச் சளி. பீட்டர் கோல் என்ற ஆங்கில டாக்டர் இதை 1986-ல் ஒரு விஷச்சக்கரமாக விவரித்தார். பச்சைச் சளி வந்தால் கிருமியின் நிறம் என்று எண்ணுகிறோம். இல்லை, அது அந்த வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம்.

கிருமிகள் யார்? மூவர். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்ஸா, நியூமோகாக்கஸ், மொராக்ஸெல்லா. குழந்தைகளின் காதில் சீழ் வைப்பவையும் பெரும்பாலும் இவைதாம். இவை ஏதோ அழுக்குச் சாக்கடையிலிருந்து வருபவை அல்ல. சுகமாக இருக்கும் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருப்பவை. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். "நீ பிள்ளையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை" என்று மாமியார் மருமகளை ஏசுவதற்கு இதில் இடமே இல்லை.

முதலாவது கிருமிக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. ஜெர்மனியில் ரிச்சர்டு ஃபைஃபர் என்பவர் 1892-ல் அதைக் கண்டு, இன்ஃபுளூயன்ஸாக் காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று நம்பினார். காரணம் ஒரு வைரஸ் என்று 1933-ல்தான் தெரிந்தது. செய்யாத குற்றத்தின் பெயர் கிருமிக்கு நிலைத்துவிட்டது. பிறகு 1928-ல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டார் அல்லவா? அந்தப் பூஞ்சைச் சாறு மற்றக் கிருமிகளைக் கொன்றது, இதைக் கொல்லவில்லை. மற்றவற்றை அழித்துவிட்டு இதை மட்டும் தனியே பிரித்தெடுக்கப் பென்சிலின் உதவும் என்றுதான் அவர் 1929-ல் எழுதிய முதல் கட்டுரையின் தலைப்பே சொல்லிற்று. அவ்வளவு கெட்டியான கிருமி. பின்னால் வந்த அமாக்ஸிசிலின் இதை அடக்கும். ஆனால் இக்கிருமிகளில் சில அந்த மருந்தையே அறுக்கும் நொதியைச் செய்துகொள்கின்றன. அந்நொதியின் கையைக் கட்டிப்போட கிளாவுலானிக் அமிலம் என்பதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். தங்கை மகனுக்குக் கொடுத்தது இந்த இரட்டை மருந்துதான்.

மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். பிரிஸ்பேனில் 50 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு வாரம் இந்த மருந்தையும், மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் சிரப்பையும் கொடுத்து 2012-ல் முடிவு சொன்னார்கள். மருந்து குடித்தவர்களில் நூற்றுக்கு 48 பேருக்கு இருமல் நின்றது. வெறும் சிரப் குடித்தவர்களில் 16 பேருக்குத்தான். பாதிப் பேருக்குக்கூட முழுக்க நிற்கவில்லையே என்று உங்களில் ஒருவர் கணக்குப் போடுவது தெரிகிறது. உண்மை. சிலருக்கு இன்னும் இரண்டு வாரம் நீட்டவேண்டி வருகிறது. கிருமிகள் வழவழப்பான ஒரு படலத்தைத் தம்மேல் போர்த்திக்கொண்டு மறைந்து வாழ்கின்றன என்றும், அதை மருந்து ஊடுருவ நாளாகிறது என்றும் சொல்லுகிறார்கள். ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கம் 2017-ல் வெளியிட்ட அறிக்கையும் இதையே அடிப்படையாக வைத்தது: நாலு வாரத்துக்கு மேல் ஈர இருமல், வேறு நோய்க்கான அறிகுறி இல்லாமை, இரண்டு முதல் நாலு வாரம் ஆன்டிபயாட்டிக்கில் இருமல் நிற்றல்.

இங்கே ஒரு வீட்டு விஷயம். இந்த மருந்து பொடியாக வரும். தண்ணீர் கலந்தபின் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் ஏழு நாள்தான். இரண்டு வாரத்துக்கு இரண்டு பாட்டில் வேண்டும். இரண்டாவதை எட்டாம் நாள்தான் கலக்கவேண்டும். எங்கள் தங்கை ஐந்தாம் நாளே பையனின் இருமல் பாதியாகக் குறைந்ததும், வயிறு சற்றுக் கழிந்ததும், "போதும்" என்று நிறுத்தப் பார்த்தாள். மீதியை அடுத்த சளிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் சிக்கனம். நம் வீடுகளில் குளிர்ப்பெட்டிக் கதவைத் திறந்தால் இப்படி மீந்த பாட்டில் எத்தனை நிற்கும்! வயிறு கழிவது இம்மருந்துக்குச் சாதாரணம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். பாதியில் நிறுத்துவதும், மீந்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதும் மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்ப்பதாகும். மச்சான்தான் பிடிவாதமாக இருந்து பதினாலு நாளும் கொடுத்தார். பத்தாம் நாள் காலை பையன் எழுந்தான், இருமவில்லை. தங்கை டெலிபோனில் சொன்னது: "அண்ணே, வீடு அமைதியா இருக்கு, பயமா இருக்கு."

கதை அதோடு முடிந்திருந்தால் நாம் இந்த மேடைக்கு வந்திருக்கமாட்டோம். ஏப்ரலில் மறுபடி வந்தது. ஜூனில் வந்தது. செப்டம்பரில் வந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகள் 161 பேரைப் பிரிஸ்பேன் டாக்டர்கள் இரண்டாண்டு தொடர்ந்து பார்த்து 2016-ல் எழுதினார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு ஓராண்டில் மூன்று தடவைக்கு மேல் திரும்பி வந்தது. நூற்றுக்கு 8 பேருக்கு மூச்சுக்குழல் நிரந்தரமாக விரிந்து தளர்ந்து போகும் நோய் தெரிந்தது. அதை 1819-லேயே பிரான்சு தேசத்து லென்னெக் விவரித்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் அவர்தான். குழல் விரிந்துவிட்டால் அங்கே சளி குளம்போல் தேங்கும். ஆயுள் முழுக்க இருமல், சீழ்ச் சளி, மூச்சுத் திணறல். எவருக்கு அப்படி ஆகும்? அடிக்கடி திரும்பி வருபவர்களுக்கும், கழுவிய நீரில் அந்த ஹீமோஃபிலஸ் கிடைத்தவர்களுக்கும் அபாயம் அதிகம்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் வாழும் ஆதிக்குடிப் பிள்ளைகளில் இந்தக் குழல் விரிவு நோய் நூற்றில் ஒன்றுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே நாட்டு வசதிக்காரர் பிள்ளைகளிடம் அது அபூர்வம். நெருக்கமான வீடு, திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, தூரத்தில் ஆஸ்பத்திரி, "இருமல்தானே" என்று பழகிப்போன மனம். அந்தக் கடைசிக் காரணத்தைக் கேட்டபோது நமக்குப் பொங்கலன்று நாம் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது.

பையனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஓரிடத்தில் குழல் சற்று விரிந்திருக்கிறதாம். இந்த வயதில், இந்த அளவில் இருந்தால், சளி தேங்காமல் பார்த்துக்கொண்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் கூடும் என்றார் டாக்டர். "கூடும்" என்ற சொல்லை மச்சான் நம்மிடம் மூன்று தடவை திருப்பிச் சொன்னார்.

சில விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். நாலு வாரம் காத்திருக்கக் கூடாத இருமலும் உண்டு. மூச்சுத் திணறல், சளியில் இரத்தம், எடை ஏறாமை, பால் குடிக்கும்போது புரையேறுதல், விரல்நுனி தடித்துப் போதல், விடாத காய்ச்சல் இவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே போகவேண்டும். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று திணறிப் பிறகு இருமத் தொடங்கினால், எதையோ மூச்சுக்குழலுக்குள் இழுத்துவிட்டது என்று பொருள். நம் ஊர்க் கச்சாங் பூத்தேயை, காகிதக் கூம்பில் மடித்துக் கொடுக்கும் அந்தக் கடலையை, நாமெல்லாம் ஆசையாகத் தின்று வளர்ந்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காதீர்கள். ஒரு கடலைப் பருப்பு குழலில் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஈர இருமலைத் தரும்.

காசம் என்ற பயமும் உண்டு. இருமினால் காசம் என்று அக்கம்பக்கம் ஒதுக்கிய காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இவ்வூரில் காசத்துக்கு எதிரான சங்கம் 1947-ல் தோன்றியது அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான். இன்றும் சில தாய்மார்கள் பிள்ளையின் இருமலை மறைப்பது அந்தப் பழைய பயத்தால்தான். வீட்டில் யாருக்காவது காசம் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். பரிசோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தடுப்பூசி போட்டாயிற்றே என்று சிலர் கேட்கிறார்கள். நியூமோகாக்கஸ் ஊசி 2009-லும், ஹீமோஃபிலஸ் "பி" வகை ஊசி 2013-லும் இந்நாட்டுக் குழந்தைகளின் அட்டவணையில் சேர்ந்தன. கட்டாயம் போடுங்கள். ஆனால் இந்த இருமலைத் தருவது பெரும்பாலும் மேலுறை இல்லாத வேறு வகை ஹீமோஃபிலஸ்; "பி" ஊசி அதைத் தடுக்காது.

புகையைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. சிகரெட் பிடிக்கும் சகோதரர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டின் அளவுக்குச் சமம் என்று 2003-ல் ஒரு ஆராய்ச்சி கண்டது. சோதித்தவை சீனச் சுருள்களும் மலேசியச் சுருள்களும். டெங்கிக்குப் பயந்து ஏற்றுகிறோம், சரி; வலையும் விசிறியும் உதவும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். இருமும் பிள்ளைக்கு அந்தப் புகை வேண்டாம். துவாலையால் துடைத்தால் தலை காயும். மூக்கில் எண்ணெய் விடுவதும், அழுகிற குழந்தையின் வாயில் எண்ணெய் புகட்டுவதும் அறவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வந்த தென்னிந்தியக் குழந்தைகளைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதப்பட்டிருக்கிறது. 2013 ஜூன் 21-ந்தேதி இந்நகரில் காற்று மாசுக் குறியீடு 401-க்குப் போனபோது வீட்டுக் கதவை எல்லாம் அடைத்தோம். அடைத்த வீட்டுக்குள் ஊதுபத்தி ஏற்றினோம். நாம்தான் ஏற்றினோம், பிறரைச் சொல்லவில்லை.

அப்படியானால் நாட்டு மருந்து எல்லாம் பொய்யா என்று ஒரு பெரியவர் முன்வரிசையிலிருந்து பார்க்கிறார். இல்லை ஐயா. ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற சத்தை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்ஸின் என்னும் சளி மருந்தையே செய்தார்கள். சாதாரணச் சளிக்குக் கஷாயம் குடிப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இராத்திரி ஒரு கரண்டித் தேனும் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. ஆனால் நாலு வாரம் தாண்டிய ஈர இருமலை இலையால் தள்ளிப்போடாதீர்கள். இருமலை அடக்கும் மருந்தும் கொடுக்காதீர்கள். தேங்கிய சளியை வெளியேற்றப் பிள்ளைக்கு இருக்கும் வழி அந்த இருமல் ஒன்றுதான். கோடீன் கலந்த இருமல் மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2015-லேயே தடுத்துவிட்டது.

ஆஸ்பத்திரி தூரம் என்று நாம் இங்கே சொல்ல முடியாது. இந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் குழந்தைகளுக்கென்றே பெரிய ஆஸ்பத்திரி நிற்கிறது. காண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். நம்மவர்கள் மாடு கட்டிப் பால் கறந்த இடத்தின் பெயரை அது இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. 1924-லிருந்து பிரசவ ஆஸ்பத்திரி. 1966-ல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ நாற்பதாயிரம் குழந்தைகள் அங்கே பிறந்தன. இங்கிருப்பவர்களில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்களாயிருக்கும். முதலில் பாலிகிளினிக்குக்குப் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் செலவு குறையும். டாக்டர் பேசும் ஆங்கிலம் விளங்காவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடும்படி கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். தமிழ் இந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று.

கஷ்டம் தூரத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. இந்நாட்டுப் பிரஜையான குழந்தைக்கு ஏழு வயதாகும்வரை தாய்க்கும் தகப்பனுக்கும் தலைக்கு ஆண்டுக்கு ஆறு நாள் சம்பளத்தோடு பிள்ளைப் பராமரிப்பு லீவு உண்டு. பிரஜையல்லாத குழந்தை என்றால் இரண்டே நாள். ஒரே வேலையிடத்தில் மூன்று மாதம் முடித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மாறி மாறி வேலை செய்கிறவர்களுக்கு அந்த மூன்று மாதம் எப்போதும் முடிவதேயில்லை. இருமல் ஓராண்டில் நாலு தடவை வந்தால், தடவைக்கு இரண்டு முறை டாக்டரைப் பார்த்தால், எட்டு நாள். கிராணிக்கு இந்தக் கணக்கு எளிது. இதைப் பற்றிச் சங்கத்தில் பேசவேண்டியது இருக்கிறது. அது வேறொரு கூட்டத்துக்கு.

எங்கள் தங்கை தன் ஆறு நாளில் நாலைச் செலவழித்துவிட்டாள். மச்சானுடையது தீர்ந்துபோயிற்று. அடுத்த மாதம் மறுபடி ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். நாம் தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டுப் பாலம் தாண்டி வந்து பையனைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நோட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போகிறோம்; சென்ற பதினெட்டு நாளாக ஆசிரியை அதில் இருமலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பின்வரிசையில் இருமிய குழந்தையின் தாயார், டீ குடித்ததும் உடனே கிளம்பிவிடாமல் நம்மிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். எத்தனை வாரம் ஆயிற்று என்று மட்டும் சொன்னால் போதும்.